பெயர் போட்ட காணிக்கைக் கவர்

31 மே 1982, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. குளிருக்கு மாவு பொங்கவே ஏழு மணி ஆயிற்று. முதல் அடுப்பு ரொட்டி சுமார். இரண்டாவது பரவாயில்லை. சீசன் கூட்டம் முக்கால்வாசி மலை இறங்கிவிட்டது. இனி உள்ளூர் முகங்கள், உள்ளூர் குறைகள்.

துரைக்கு இருமல் இல்லை. இன்றோடு ஐந்து நாள். எழுதி வைக்கிறேன், டாக்டர் கேட்பார்.

வாங்க வேண்டியது: ஈஸ்ட், ஐசிங் சர்க்கரை, பட்டர் பேப்பர், துரைக்குக் கம்பளி சாக்ஸ் (பழையதில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது).

சாயங்காலம் சபைக்குப் புதிதாக வந்த பாதிரி ஐயர் கடைக்கு வந்தார். நம் கோயிலுக்கு வந்து நாலு மாதம் ஆகியும் முதல் ஞாயிறு வழக்கம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கீழே அவர் இருந்த சபையில் இது கிடையாதாம். விளக்கினேன். அந்த மாதம் பிறந்த நாள், கல்யாண நாள் வருகிறவர்கள் கவரில் காணிக்கை வைத்து, எதற்காக ஸ்தோத்திரம் என்று மேலே எழுதி, ஆலயத்துப் பின்னறையில் இருக்கும் டின்னில் போடுவார்கள். ஐயர் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். பெயர் வந்தவர்கள் முன்னால் போய் நிற்பார்கள், சபை எழுந்து ஒரு சரணம் பாடும். பிறகு வெளியே டீ, கேக். கேக் நம்ம கடை.

"பேரு போடாம கவர் வந்தா?"

"'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்'னு வாசிப்பாங்கய்யா. யாரும் முன்னால போக மாட்டாங்க."

ஒவ்வொரு ஜூனிலும் அப்படி இரண்டு கவர் வரும். ஒன்று என்னுடையது. அதை ஐயரிடம் சொல்லவில்லை. இன்னொன்று யாருடையது என்று பத்து வருஷமாக எனக்கே தெரியாது.

1 ஜூன், செவ்வாய்

வெயில்! ரஸ்க் டிரே எல்லாம் வெளியே காயவைத்தேன்.

பதினோரு வருஷம். 1971 ஜூன் ஒன்று, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒரு ஆள், ஒரு தகரப் பெட்டி, நனைந்த சட்டை, கடை வாசலில் நின்று "பாண் இருக்கா?" என்றார். நான் முழித்தேன். கண்ணாடிக்குள் இருந்த ரொட்டியை விரலால் காட்டினார். பெயர் செல்லத்துரை. மழை விடுகிற வரைக்கும் உட்காருங்க என்றேன். மழை விட்டதா இல்லையா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது மிஷன் பள்ளிக்கூடத்துத் தோட்டம் அவர் பொறுப்பு. ரோஜாவுக்கெல்லாம் தகரத்தில் பெயர் எழுதி ஊன்றி வைப்பார். வீட்டிலும் அப்படித்தான். சீனி டப்பாவில் 'சீனி'. உப்பு டப்பாவில் 'உப்பு'. எனக்குத் தெரியாதாக்கும்.

ஸ்பெஷலாக ஒரு திராட்சை பன். மேலே கொஞ்சம் கூடுதல் வெண்ணெய். தின்றுகொண்டே சொன்னார்:

"இந்த வருஷம் கவரை நானே போட்டுட்டேன். வேலை முடிஞ்சு வார வழியில."

"சரி."

"பேரு போட்டேன்."

"என்ன பேரு?"

"நம்ம பேரு. ரெண்டும்."

கையிலிருந்த வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன். என்ன எழுதினாய் என்று கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னார்: 'பதினோரு வருஷம் எங்களைச் சேர்த்து வைத்ததற்கும், ஜனவரியில் உயிர் தந்ததற்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆசீர்வாதம், செல்லத்துரை.'

கத்தினேன். நிறையக் கத்தினேன். ஏன் எழுதினாய் என்று கேட்டேன். தேத்தண்ணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

2 ஜூன், புதன்

பேச்சு வார்த்தை இல்லை. சட்னி தனித்தனிக் கிண்ணத்தில்.

மரக்கடை கனகராஜ் அண்ணாச்சி, சபைக் கமிட்டியில் பெரிய ஆள், பன் வாங்க வந்தார். வழக்கமான பாட்டு: "என்ன ஆசீரு, ஊருக்கெல்லாம் கல்யாண கேக் சுடுற, உன் கல்யாணச் சாப்பாடு எப்ப?" நானும் வழக்கம்போல, "நீங்க ஒரு பொண்ணு பாருங்கண்ணாச்சி." பதினோரு வருஷமாக இதே வசனம். ஞாயிறுக்கு இன்னும் நாலே நாள்.

கவரை வாசித்தால் போகக்கூடியவை: வாடகைக் கடை (கட்டடம் அண்ணாச்சியின் மச்சானுடையது). திருவிருந்து ரொட்டி (ஆராதனையில் ஐயர் பிட்டுக் கொடுப்பது) சுடுகிற வேலை. துரையின் தோட்ட வேலை. பாட்டுக் குழுவில் என் இடம். (அது போனால் பாட்டுக் குழுவுக்கு நல்லது.)

யாருக்கும் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஒரே வீடு, ஒரே குடை. ஆனால் தெரிவது வேறு, ஐயர் மைக்கில் வாசிப்பது வேறு.

ஐசிங் சர்க்கரை வந்துவிட்டது. சாக்ஸ் மறந்துவிட்டேன்.

3 ஜூன், வியாழன்

நான் ஒரு திருடன். அதிலும் துப்புக்கெட்ட திருடன்.

திட்டம் இதுதான். திருவிருந்து ரொட்டி வைக்கிற பெட்டியைக் கழுவ எடுத்துப் போவதாகச் சாக்கு. பின்னறைக்குப் போக எனக்கு யாரும் தடை இல்லை. காணிக்கை டின் நம்ம கடை பழைய பிஸ்கட் டின்தான், நான் கொடுத்தது. மூடியை எந்த மூலையில் நெம்பினால் சத்தம் வராமல் திறக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

திறந்தேன். பத்துப் பதினைந்து கவர். வெளிச்சம் போதாது, கண்ணாடி கடையில் கிடக்கு. பச்சை மை தெரிந்தது. துரை எழுதுவது பச்சை மை. பள்ளிக்கூடத்து ஆபீசில் மிச்சமான பாட்டிலைத் தந்திருக்கிறார்கள். அதற்குள் வாசலில் ஐயர் செருப்பைக் கழற்றும் சத்தம். கவர் சட்டைக்குள். டின் மூடி. ரொட்டிப் பெட்டி கையில்.

"என்ன ஆசீர், வேர்க்குது? குளிருதே."

"அடுப்பு வேலைங்கய்யா, உடம்பே அப்படி ஆயிப்போச்சு."

கடைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் துரை கையெழுத்து இல்லை. ஒழுங்கான வாத்தியார் எழுத்து: 'எங்கிருந்தாலும் என் தம்பி சாமுவேலைக் கர்த்தர் காக்கும்படிக்கு.' கீழே பெயர் இல்லை. தேவையும் இல்லை. கேக் ஆர்டர் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற எழுத்து. ரூபி டீச்சர்! ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். பச்சை மையில் கையெழுத்துப் போட்டே பழகினவர். பெண்கள் சங்கத் தலைவி. சபையில் நான் கனகராஜ் அண்ணாச்சிக்குப் பயப்படுவேன். அண்ணாச்சி இவருக்குப் பயப்படுவார்.

ஆக, இரண்டாவது கவர் இவருடையது. பத்து வருஷமாக நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்.

துரையிடம் சொல்லவில்லை. பேச்சு வார்த்தைதான் இல்லையே.

4 ஜூன், வெள்ளி

சாரல். டின்னில் திருப்பிப் போட்டுவிடலாம் என்று போனால் பின்னறை பூட்டிக் கிடந்தது. வேறு வழி இல்லை. நாலு மணிக்கு ரூபி டீச்சர் வீடு. ஐம்பத்து மூன்று வயதில் (கடை லைசென்சில் ஐம்பது) பள்ளிப் பையன் மாதிரி கதவைத் தட்டினேன்.

கவரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இது உன் கையில எப்படி வந்துச்சு?"

"டின்னைத் திறந்தேன் டீச்சர். வேற கவர் எடுக்கப் போயி தப்பா எடுத்துட்டேன்."

"எந்தக் கவர்?"

சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். வாய் கேட்கவில்லை. துரை, ஜூன் ஒன்று, ரெண்டு பெயர், எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல மழை கூடியதால் நானும் சத்தத்தைக் கூட்டவேண்டியதாயிற்று. தகரக் கூரை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

டீச்சர் கவரை மடியில் வைத்து நீவிவிட்டார். பிறகு சொன்னார், பாடம் நடத்துகிற குரலில் இல்லை:

"சாமுவேல் பொறந்தது ஜூன் ஒம்போது. வத்தலக்குண்டுல வேலை பாத்தான். கூட ஒரு சிநேகிதன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க. உங்கள மாதிரி. ஊருக்குள்ள பேசுனாங்க. நான் போயி, அவன விட்டுட்டு வா, இல்லன்னா வீட்டுப் படி ஏறாதேன்னேன். பைபிளைக் கையில வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

"டீச்சர்..."

"ஏறவே இல்ல. இருபத்திரெண்டு வருஷம். ஒரு கடுதாசி கெடையாது. என் கையில பைபிள் இருந்துச்சு, ஆசீரு. அன்பு மட்டும் இல்ல. அது இல்லாம மத்ததெல்லாம் சத்தம் போடுற வெண்கலம்னு அதுலயே எழுதியிருக்கு, நான் எத்தன பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன்."

அழுதார். நானும். பிறகு டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன மாசம் கேக்ல சர்க்கரை கம்மி" என்றார்.

வாசல்வரை வந்தார். "உங்க கவரை டின்லேருந்து எடுக்காதே." குடையை விரித்தபிறகு இன்னொரு கேள்வி: "உங்களுக்குக் கேக் யாரு போடுறா?"

"எங்களுக்கு எதுக்கு டீச்சர் கேக்?"

"சரி, போ. வெரசாப் போ, நனையாதே."

5 ஜூன், சனி

ஜூன் மாதக் கேக்: மூன்று. ஒன்றில் மட்டும் ரோஜா வேண்டும் என்றார்கள், இருபத்தைந்தாம் கல்யாண நாள். ஊரார் கல்யாண நாளையெல்லாம் சர்க்கரையில் எழுதிக் கை பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு 'ஆசீர்வதிப்பாராக' போடுவேன்.

பதினோரு மணிக்குத் திருவிருந்து ரொட்டியைக் கொண்டுபோனேன். ஐயர் தனியாக உட்கார்ந்திருந்தார். மேசையில் கவர்கள், வரிசையாக. எங்களுடையது தனியாக. ஐயருக்கு முப்பத்திரண்டு வயதுதான். பாவம், முகத்தில் இன்றைக்கு ஐம்பது.

"காலையில இதப் படிச்சேன். இட்லி எறங்கல எனக்கு."

"எடுத்துட்டுப் போயிடறேன்யா."

"இருங்க. எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இல்ல, ஆசீர். பெரியவங்க புஸ்தகமெல்லாம் எழுதியிருக்காங்க, நான் அவ்வளவு படிக்கல. ஆனா ஸ்தோத்திரம் சொல்ல வந்தவங்களத் திருப்பி அனுப்புற அதிகாரத்த யாரும் எனக்குக் கொடுக்கல. நாலு மாசமா உங்க கையால சுட்ட ரொட்டியத்தான் பிட்டுக் கொடுக்கேன். நாளைக்கு மட்டும் அது வேற கையா ஆயிடுமா?"

நான் ரொட்டியைத் துணியால் மூடினேன், திறந்தேன், திரும்ப மூடினேன்.

"சில பேரு எந்திரிச்சுப் போவாங்க. எனக்கு மாத்தல்கூட வரலாம். அது என் சோலி, நான் பாத்துக்கிடுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எழுதினது துரை. உங்களுக்குச் சம்மதமா? இல்லன்னா பேரு சொல்லாம வாசிக்கிறேன்."

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில சொல்றேன்யா" என்றேன். கோழை.

வீட்டில் துரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். சண்டைபோட்டவனின் சட்டைக்கு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் எழுதினாய், இந்தத் தடவை கத்தாமல் கேட்கிறேன் என்றேன்.

"ஜனவரியில ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஒன்னக் கேட்டாங்க, இவருக்கு நீங்க யாருன்னு."

"காய்ச்சல்ல கெடந்தியே. கேட்டுச்சா?"

"காய்ச்சல் நெஞ்சுலதான். காதுல இல்ல. நீ என்ன சொன்ன?"

ஞாபகம் இல்லாமல் என்ன? 'ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கோம்ங்க' என்றேன். அப்படியென்றால் வெளியே இருங்கள், சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே என்றார்கள். அதுதான் விதி. மூன்று நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நிமோனியாவோடு அவர்.

"கதவு தொறக்கும்போதெல்லாம் ஒன் செருப்பு மட்டும் தெரிஞ்சுது" என்றார். "செத்துப்போனா வாடகைக்கு இருந்தவனாத்தான் போவேன்னு நெனச்சேன். அப்பதான் ஜெபம் பண்ணினேன், பொழைக்க வச்சா பேரு போட்டு எழுதுறேன்னு."

கோபமில்லாமல்தான் சொன்னார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், ஊசி இருக்கு, பாத்து என்றார்.

சட்னி இன்றைக்கு ஒரே கிண்ணம்.

6 ஜூன், ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? மழை இல்லை. வெள்ளனே எழுந்துவிட்டேன். முகம் வழித்ததில் தாடையில் வெட்டு. துரை நீலக் கோட்டு போட்டுக்கொண்டார். புது சாக்ஸ் (நேற்று மறக்காமல் வாங்கினேன்).

முதல் மணி அடிக்குமுன் பின்னறையில் தலையை நீட்டி, "வாசிங்கய்யா" என்றேன். ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

பிறந்த நாட்கள் முதலில். பிறகு இருபத்தைந்தாம் கல்யாண நாள்காரர்கள். ஒவ்வொருவராக முன்னால் போய் நின்றார்கள். பிறகு ஐயர் கவரை எடுத்து, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பதினோரு வருஷம். ஜனவரி. ஆசீர்வாதம். செல்லத்துரை.

கூரையில் குருவி நடப்பது கேட்டது.

துரை எழுந்தார். நானும் எழுந்தேன். எழுந்தேனா, அவர் கோட்டைப் பிடித்துத் தொங்கினேனா தெரியவில்லை. பெஞ்சிலிருந்து முன்னால் போக இருபது அடி இருக்கும், வத்தலக்குண்டுவரை நடந்த மாதிரி ஆயிற்று. பின்னால் பெஞ்சு இழுபடும் சத்தம். கனகராஜ் அண்ணாச்சி வெளியே. கூட இன்னும் நாலைந்து பேர். அண்ணாச்சியின் மனைவி போகவில்லை. பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயர் அடுத்த கவரை எடுத்தார். "எங்கிருந்தாலும் என் தம்பி சாமுவேலைக் கர்த்தர் காக்கும்படிக்கு." நிறுத்தினார். கீழே பார்த்தார். "ரூபி."

பெயர் போட்டிருக்கிறார்! பச்சை மையில், புதிதாக! டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து எங்கள் பக்கத்தில், எனக்கு மறுபக்கம், நின்றார். சபையைத் திரும்பிப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி, "எல்லாரும் எந்திரிங்க, சரணம் பாடணும்ல?" என்றார்.

எழுந்தார்கள். பாதிப் பேர் அந்தக் குரலிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். எழாமல் இருக்க முடியுமா? முதல் அடி முணுமுணுப்பு. இரண்டாவதில் சத்தம் வந்தது. மூன்றாவதில் துரை அவருடைய இலங்கைத் தோட்டத்து ராகத்தில் தனியாக ஒரு பக்கம் போய்விட்டார், எப்போதும் போல. எனக்குப் பாட வரவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து ஒரு சத்தம் வந்தது, அதற்கு ராகம் கிடையாது.

வெளியே டீ. என் மூன்று கேக் பக்கத்தில் நான்காவதாக ஒன்று. டீச்சர் சுட்டது. அடுப்பில் மணல் சட்டி, மூடி மேல் கரி நெருப்பு. நடுவில் பள்ளம், ஓரம் கறுப்பு. மேலே சுத்தமான கையெழுத்தில் 'ஆசீர், துரை. 11'.

"அடி கருகியிருக்கு. சொல்லாதே, எனக்குத் தெரியும்" என்றார்.

சர்க்கரை அதிகம், உப்பு அதைவிட அதிகம். முப்பது வருஷமாகக் கேக் சுடுகிறேன், எனக்கென்று ஒருவர் சுட்டது இதுதான் முதல். மூன்று துண்டு சாப்பிட்டேன். துரை கரிந்த ஓரத்தையும் விடவில்லை.

சிலர் எட்டவே நின்றார்கள். சிலர் கை கொடுத்தார்கள். இருபத்தைந்தாம் கல்யாண நாள் அம்மா மட்டும், "உங்களுக்கும் ஜூன்தானா? நல்ல மாசம்" என்றார்.

சந்தோஷம். வேறு சொல் தேடவில்லை. சந்தோஷம்.

7 ஜூன், திங்கள்

பனி. இரண்டு அடுப்பு ரொட்டியும் அருமை. அண்ணாச்சி வரவில்லை. அவர் மனைவி வந்தார். வழக்கம்போல இரண்டு ரொட்டி, ஆறு பன். கிளம்பும்போது, "அவுக கொஞ்ச நாளு அப்படித்தான் இருப்பாக" என்றார். கடையைப் பற்றி மச்சானிடமிருந்து இதுவரை பேச்சில்லை. வந்தால் பார்ப்போம்.

பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு துரையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சு எக்ஸ்ரே பார்க்க வரச்சொன்ன நாள். பையில் டீச்சர் கேக் மிச்சம், காகிதத்தில் சுற்றி. அதே வராந்தா, அதே பெஞ்சு. பழக்கதோஷத்தில் உட்காரப் போனேன்.

அதே நர்ஸம்மா. சீட்டை எடுத்தார்.

"கூட வந்தது யாரு? சொந்தமா?"

"சொந்தம்தாங்க."

"என்ன உறவு?"

துரை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஒரே குடும்பம்ங்க. அப்படியே எழுதிக்கிடுங்க."

நர்ஸம்மா நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். எழுதினார்.

"சரி, ரெண்டு பேரும் உள்ள வாங்க."